ஸ்டுடியோ ஸ்கேல் என்றால் என்ன? படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அளவுகோல்

போன மாசம் பக்கத்து வீட்டுப் பையன், எட்டாவது படிக்கிறவன், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி ஷெட்டுக்கு வந்தான். மேசை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்த பாதி விண்கலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாமா, இதோட ஒரிஜினல் எவ்வளவு பெரிசு?” என்று கேட்டான். கேள்வி சின்னதுதான், ஆனால் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. இந்த வேலையில் இறங்க நினைக்கிற யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த அரை மணி நேரத்துப் பேச்சைத்தான் என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன்.

மேசையில் கிடந்தது மில்லேனியம் ஃபால்கன். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் வருகிற, ரெண்டு தோசைக்கல்லைக் கவிழ்த்து ஒட்டியது மாதிரி இருக்கும் அந்தக் கப்பல். அதற்கு ஒரு ஒரிஜினல் கிடையாது, மூன்று இருக்கின்றன. முதலாவது கதைக்குள் இருக்கும் கப்பல். அதன் நீளம் 35 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்கிறார்கள், அதாவது வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். அது யார் கண்ணிலும் படாத கப்பல், காகிதத்தில் மட்டும் இருப்பது. ரெண்டாவது, நடிகர்கள் ஏறி இறங்குவதற்காகப் போட்ட செட். முதல் படத்துக்கு இங்கிலாந்தில் கப்பலின் ஒரு பாதியை மட்டும் கட்டினார்கள், 1980-ல் வந்த அடுத்த படத்துக்குத்தான் வேல்ஸில் உள்ள பெம்புரோக் டாக் என்ற ஊரில் முழுசாகக் கட்டினார்கள். மூன்றாவது, கலிஃபோர்னியாவில் ஒரு பட்டறையில் கையால் செய்த மாடல். ஏறத்தாழ 5 அடி இருப்பதால் ‘அஞ்சடி ஃபால்கன்’ என்றே அதற்குப் பெயர். அந்த முதல் படத்தில் கப்பல் விண்வெளியில் பறப்பதாக நாம் பார்த்தது இந்த மூன்றாவதைத்தான்.

இந்த மூன்றாவது பொருளின் அதே அளவில், அதே நெளிவு சுளிவோடு, இன்னொன்றைச் செய்வதற்குப் பெயர்தான் ஸ்டுடியோ ஸ்கேல். கற்பனைக் கப்பலைச் சுருக்குவது வேறு வேலை. இங்கே நாம் செய்வது நிஜமாகவே இருந்த ஒரு பொருளின் நகல், ஒன்றுக்கு ஒன்று அளவில்.

சாதாரண ஸ்கேல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு. இப்போது ஓடுகிற எல்.எச்.பி. ரயில் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 23.5 மீட்டர். அதை 1/72 ஸ்கேலில், அதாவது 72-ல் ஒரு பங்காகச் செய்தால் 33 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், பள்ளிக்கூடத்து ஸ்கேலை விட ஒரு விரல் நீளம். அதே பெட்டியை 1/24-ல் செய்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கீழே இருக்கும் எண் சிறிதாக ஆக மாடல் பெரிதாகும், அவ்வளவுதான் விஷயம். ரயில் பெட்டி நெல்லை ஜங்ஷனில் நிற்கிறது, டேப்பை எடுத்துக்கொண்டு போனால் அளந்துவிடலாம். விண்கலத்தை எங்கே போய் அளப்பது? கதைக்குள் சொல்கிற நீளம் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். அஞ்சடி ஃபால்கனை அந்த நீளங்களோடு ஒப்பிட்டால் 1/20-க்கும் 1/24-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது, அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. பட்டறையில் இருந்த மாடலின் நீளம் மட்டும் மாறாது. அதனால்தான் நாங்கள் அதைப் பிடித்துக்கொள்கிறோம்.

சரி, சினிமாக்காரர்கள் எதற்காக இவ்வளவு பெரிய மாடல் செய்தார்கள்? கையடக்கமாக ஒன்று செய்து கிட்டே வைத்து எடுத்தால் போதாதா?

போதாது. வீட்டில் அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான் இருந்தால் அந்தக் குட்டிப் பானையையும் அடுப்பையும் முன்னும் பின்னுமாக வைத்து, போனைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பானை தெளிவாக இருக்கும், அரையடி தள்ளி இருக்கும் அடுப்பு மங்கிப் போகும். லென்ஸ் எவ்வளவு கிட்டே போகிறதோ அவ்வளவுக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். நம் கண்ணுக்கு இது பழக்கமான அடையாளம். பின்னால் மங்கினால் பொருள் சின்னது என்று மூளை உடனே முடிவுகட்டிவிடும். குற்றாலத்து மலையைப் பார்க்கும்போது முன்பாறையும் பின்பாறையும் ஒரே தெளிவில் தெரிகிற மாதிரி விண்கலமும் மூக்கிலிருந்து வால் வரை தெளிவாக இருந்தால்தான் அது மலையளவு பெரியதாகத் தோன்றும். அதற்கு மாடல் பெரியதாக இருக்க வேண்டும், லென்ஸின் துவாரத்தை இறுக்கிச் சின்னதாக்க வேண்டும், ஒளி குறைவதால் ஒவ்வொரு ஃபிரேமையும் நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்க வேண்டும்.

1968-ல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்துக்காக டிஸ்கவரி என்ற கப்பலின் மாடலை 54 அடி நீளத்தில் செய்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மனையின் நீளம் அது. தூரத்துக் காட்சிகளுக்கு 15 அடியில் தனியாக ஒன்று. 1972-ல் வந்த சைலன்ட் ரன்னிங் படத்தின் கப்பல் மாடலும் ஏறத்தாழ 26 அடி. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கொடிகட்டிப் பறக்கும் காலத்திலும் 2014-ல் இன்டர்ஸ்டெல்லாருக்காக என்டியூரன்ஸ் என்ற வளையக் கப்பலை 1/15 ஸ்கேலில், ஏறக்குறைய 25 அடி அகலத்தில் கையால் செய்துதான் எடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டார் வார்ஸ் முதல் காட்சி. ஒரு சின்னக் கப்பல் தப்பி ஓடுகிறது, பின்னால் திரை முழுக்க நிரப்பிக்கொண்டு ஒரு ராட்சதக் கப்பல் துரத்துகிறது. பட்டறையில் அந்தச் சின்னக் கப்பலின் மாடல் ஏறத்தாழ 6 அடி. துரத்துகிற ராட்சதக் கப்பலின் மாடல் வெறும் 3 அடி! ஸ்டுடியோ ஸ்கேலில் ரெண்டையும் செய்து பக்கத்தில் வைத்தால் எலி பூனையை விட ரெண்டு மடங்கு பெரிதாக இருக்கும். அடுத்த படத்துக்கு அந்த ராட்சதக் கப்பலையும் 8 அடிக்கு மேல் புதிதாகச் செய்தார்கள் என்பது வேறு கதை. கதையின் அளவையும் மாடலின் அளவையும் ஏன் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பையனிடம் இதை வைத்துத்தான் சொன்னேன், அவன் அந்தக் காட்சியை அன்றைக்கே போனில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தான்.

இனி அடுத்த கேள்வி. அந்த மாடல்கள் இப்போது அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்ளும் பணக்காரர்களின் பெட்டகத்திலும் இருக்கின்றன. 2001 படத்து மாடல்களில் தப்பித்தவை மிகச் சில. அவற்றில் ஒன்றான உருண்டை வடிவ ஏரீஸ் கலம் 2015-ல் ஏலத்துக்கு வந்தபோது ஆஸ்கர் அகாடமி 3,44,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஸ்டார் வார்ஸில் வரும் எக்ஸ்-விங் என்ற சின்னப் போர்க்கலத்தின் மாடல் ஒன்று, நீளம் 20 அங்குலம்தான், பல வருஷம் எங்கே போனது என்று தெரியாமல் இருந்து, கிரெக் ஜீன் என்ற மாடல் கலைஞர் 2022-ல் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பிலிருந்து கிடைத்து, 2023-ல் 30 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. இதையெல்லாம் டேப் வைத்து அளக்க யார் விடுவார்கள்? பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் அஞ்சடி ஃபால்கனின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் அழகே இருக்கிறது. அளவுகோல் அந்த மாடலின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கலைஞர்களுக்கு நேரம் குறைவு, கப்பலின் மேல்தோல் முழுக்க ஆயிரக்கணக்கான குழாய், பெட்டி, மூடி, கம்பி என்று நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் செதுக்கிக்கொண்டிருந்தால் படம் வெளியாகாது. அதனால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை, அதாவது துண்டுகளாக வாங்கி நாமே ஒட்டிச் சேர்க்கிற மாடல்களை, பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், டாங்கி, பீரங்கி, ரேஸ் கார், போர்க்கப்பல், விமானம் என்று எதையும் விடவில்லை, உள்ளே இருந்த பாகங்களைப் பிய்த்து இஷ்டத்துக்கு ஒட்டினார்கள். இதற்குக் கிட்பேஷிங் என்று பெயர். ஒட்டிய துணுக்குகளை கிரீபிள் என்பார்கள். சைலன்ட் ரன்னிங் கப்பலுக்கே நூற்றுக்கணக்கான டாங்கி கிட்டுகள் செலவானதாம். இந்த உத்தி ஏன் நம்பும்படி இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தத் துணுக்கு எதையும் செய்யாது, அந்தக் குழாய் எங்கும் போகாது, ஆனாலும் அது ஒரு நிஜ டாங்கியின் அச்சையோ நிஜ எஞ்ஜினின் மூடியையோ பார்த்துச் செய்த வடிவம். நிஜ வேலைக்காக ஒரு பொறியாளர் யோசித்த வடிவம் எந்த இடத்தில் ஒட்டினாலும் அந்த யோசனையைக் கூடவே கொண்டு வருகிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற எஞ்ஜின்களின் படங்களைக் கிட்டத்தில் பாருங்கள், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருப்பது கண்ணுக்கே தெரியும். அந்தக் காரணத்தின் சாயலைத்தான் இவர்கள் டாங்கி கிட்டிலிருந்து கடன் வாங்கினார்கள்.

நமக்கு இதில் என்ன லாபம் என்றால், தமியா கம்பெனியின் 1/35 ராணுவ கிட்டுகள் போன்றவற்றில் பலவற்றை அதே அச்சில் இன்றைக்கும் வார்த்து விற்கிறார்கள். 1970-களில் கலிஃபோர்னியாவில் ஒட்டிய சக்கரமும், இன்று ஆன்லைனில் வாங்கி என் உள்ளங்கையில் இருக்கும் சக்கரமும் ஒரே அளவு. ஃபால்கனின் பழைய புகைப்படத்தில் அந்தச் சக்கரத்தை நான் அடையாளம் கண்டுவிட்டால், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் பட்டறைக்குள் ஒரு ஸ்கேலை வைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

கணக்கு எளிது. கையில் இருக்கும் பாகம் 42 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் புகைப்படத்தைத் திறந்து அதே பாகத்தை அளந்தால் 63 பிக்சல் வருகிறது. ஆக ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை பிக்சல். பக்கத்தில் ஒரு தகடு 180 பிக்சல் இருந்தால் அதன் நிஜ நீளம் 120 மில்லிமீட்டர். அந்தத் தகட்டை வைத்து அடுத்தது, அதை வைத்து அதற்கடுத்தது.

எளிதாகச் சொல்லிவிட்டேன், ஆனால் இதில் ரெண்டு குழிகள் இருக்கின்றன. புகைப்படத்தில் 63 பிக்சலை 64 என்று எண்ணிவிட்டால் தவறு ஒன்றரை சதவீதம்தான். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் வரை போனால் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். அதனால் ஒரு சின்னத் துணுக்கை வைத்து முழுக் கப்பலை அளக்கக் கூடாது, நீளமான பாகங்களாகத் தேட வேண்டும், நாலு இடத்தில் நாலு பாகங்களைக் கண்டுபிடித்து நாலு கணக்கும் ஒரே பதில் தருகிறதா என்று பார்க்க வேண்டும். ரெண்டாவது குழி, கேமரா கோணம். போனை முகத்துக்குக் கிட்டே வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழுமே, அதே கோளாறு மாடல் படத்திலும் இருக்கும். அளக்கும் பாகமும் அளவுகோலாக இருக்கும் பாகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் கணக்கு செல்லும். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்த படங்களே நமக்கு நல்லது.

என் அனுபவம் ஒன்று. ஃபால்கனுக்கு முன்னால் ரெண்டு தாடைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒன்றை முதலில் செய்யலாம் என்று இறங்கினேன். படத்தில் ஒரு டாங்கிச் சக்கரத்தைக் கண்டுபிடித்து, அது 1/35 கிட் என்று முடிவுசெய்து, ஒரு வாரம் கணக்குப் போட்டு, பிளைவுட் அறுத்து, ஒட்டி, தேய்த்து முடித்துவிட்டேன். அப்புறம்தான் முழு நீளத்தையும் கூட்டிப் பார்த்தேன், கப்பல் 7 அடிக்குக் கிட்ட வந்தது. அந்தச் சக்கரம் அதே டாங்கியின் 1/48 கிட்டிலிருந்து வந்தது! 48-ஐ 35-ஆல் வகுத்தால் 1.37, அத்தனை மடங்கு எல்லாமே பெருத்துவிட்டது. வடிவம் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியதன் விலை ஒரு முழு பிளைவுட் ஷீட். அந்தத் தாடை இன்னும் ஷெட் சுவரில் தொங்குகிறது. பாகம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எந்த ஸ்கேல் என்று நான் முதலில் கேட்பது அதனால்தான்.

கிட்டுகள் நம் ஊரில் கிடைப்பதில்லை என்பது உண்மை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கிட்டை விட அனுப்பும் கூலி கூட ஆகும் சமயங்கள் உண்டு, அதிலும் ஒரு கிட்டில் நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு துணுக்காக இருக்கும். நான் செய்வது, ஒரு கிட் வாங்கி, வேண்டிய பாகத்துக்கு சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, ஊற்றினால் இறுகிப்போகும் ரெசின் என்ற பிளாஸ்டிக் திரவத்தில் எத்தனை வேண்டுமோ அத்தனை வார்த்துக்கொள்வது. நம் சொந்த மாடலுக்கு வார்ப்பது ஒன்று. இன்னொரு மாடல்காரர் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த பாகத்தை அவரிடம் கேட்காமல் அச்செடுத்து விற்பது வேறு, அதைச் செய்யாதீர்கள். 3டி பிரின்டிலும் எடுக்கலாம், அதைப் பற்றிக் கீழே ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறேன்.

அளவெல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செய்ய உட்காரும் முன் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, பட்டறையில் இருந்த மாடலை அப்படியே செய்யப் போகிறீர்களா, திரையில் தெரிந்ததைச் செய்யப் போகிறீர்களா? ரெண்டும் ஒன்று என்று தோன்றும். ஸ்டார் ட்ரெக் தொடருக்காக 1964-ல் செய்த என்டர்பிரைஸ் கப்பலின் பெரிய மாடல் 11 அடி 2 அங்குலம், மரமும் தகடும் பிளாஸ்டிக்குமாகச் செய்தது, இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான-விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வலது பக்கமிருந்து மட்டும்தான் படம் பிடித்தார்கள். விளக்குகளுக்கான வயர்கள் இடது பக்கத்தில் நுழைவதால் அந்தப் பக்கத்தை முழுசாக முடிக்கவே இல்லை. அருங்காட்சியகத்தில் 2016-ல் பழுதுபார்த்து வைத்தபோதும் அந்த இடது பக்கத்தை இல்லாததைச் சேர்த்து அழகுபடுத்தவில்லை. எங்கள் ஊரில் தசராவுக்கு வரும் சப்பரங்களைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும், முன்னால் ஜொலிப்பு, பின்னால் கம்பும் கயிறும். ஸ்டுடியோ ஸ்கேல் என்று சொல்லிக்கொண்டு செய்கிறவன் அந்த முடிக்காத பக்கத்தையும் அப்படியே செய்ய வேண்டுமா? என் கருத்தில் ஆமாம். கலைஞன் எதைச் செய்யாமல் விட்டான் என்பதும் அவன் கைவேலையின் ஒரு பகுதிதான். ஆனால் வீட்டுக் கூடத்தில் நடுவில் வைக்கப்போகிற மாடலுக்கு ரெண்டு பக்கமும் அழகாக வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதுவும் தப்பில்லை, எதைச் செய்கிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டால் போதும். நடுவில் மனசு மாறினால்தான் எல்லாம் கெடும்.

இனி உடம்பு. பெரிய மாடலில் புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்க்காதது எடை. நீளத்தை ரெண்டு மடங்காக்கினால் பெயின்ட் அடிக்கும் பரப்பு நாலு மடங்கு, கெட்டியாகச் செய்தால் எடை எட்டு மடங்கு. ஒன்றரை அடியில் கையில் தூக்கி விளையாடிய அதே வடிவம் 5 அடியில் ரெண்டு ஆள் தூக்க வேண்டிய பாரமாகும், நடுவில் தொய்யும். அதனால் உள்ளே எலும்புக்கூடு, மேலே மெல்லிய தோல். நான் நடுவில் அலுமினியச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் போட்டு, அதிலிருந்து குடைக்கம்பி மாதிரி நாலாபக்கமும் 6 மில்லிமீட்டர் பிளைவுட் விலா எலும்புகள் வைத்திருக்கிறேன், மேலே மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுகிறேன். தெர்மோகோலில் செதுக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். செதுக்கலாம், ஆனால் அதன் மேல் தின்னரோ ஃபெவிகுவிக்கோ பட்டால் கண் முன்னாலேயே கரைந்து குழியாகும், நேராக ஸ்பிரே பெயின்ட் அடித்தாலும் அதே கதி. அதை வைத்தால் மேலே வெள்ளைப் பசையில் காகிதம் ஒட்டிக் காயவிட்டு மூடிவிடுங்கள்.

ஃபால்கனின் பக்கவாட்டில் விமானி உட்காரும் கூம்பு ஒன்று இருக்கிறது. அதற்கு மர அச்சு ஒன்று கடைந்து, சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன் மேல் விரித்து, கீழே ஓட்டை போட்ட பெட்டியில் வாக்குவம் கிளீனரை மாட்டி உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிக்கொண்டு அதே வடிவத்தில் இறுகும். வாக்குவம் ஃபார்மிங் என்பது இதுதான். மரம் கடைய அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைகிற பெரியவர் ஒருவரிடம் போனேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி இது, கலசமா?”

“இல்ல அண்ணாச்சி, ஒரு விண்கலத்துக்கு மூக்கு. இது மேல சூடான பிளாஸ்டிக்கை இழுத்து மூடணும்.”

“சூடு படுமா? அப்பம் நல்லா காஞ்ச மரமா இருக்கணும். இல்லன்னா ரெண்டு தடவையில கீறிரும்.”

ஒரு கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். ரெண்டு மாசம் கழித்து வரச்சொல்லி, நிழலில் காயவைத்திருந்த கட்டையில் கடைந்து கொடுத்தார். வழக்கம்போல் கடைசலிலேயே அரக்கு ஏற்றப் போனவரைத் தடுத்தேன், ஏனென்றால் சூடான தகடு அரக்கை இளக்கி ஒட்டிக்கொள்ளும். கூம்பின் அடி அகலம் வரைபடத்தில் போட்டதற்கு அரை மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை. கையில் உளியும் கண்ணில் அளவும் உள்ள இப்படிப்பட்டவர்கள் ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருப்பது நம் பக்கத்து மாடல்காரர்களுக்குப் பெரிய கொடுப்பினை. உருண்டையாக எதைச் செய்ய வேண்டுமென்றாலும், எஞ்ஜின் வாய், குழல், வளையம், முதலில் கடைசல் பட்டறையை நினையுங்கள்.

வெயில் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நெல்லைக்காரன் எழுதியதாக இருக்காது. 3டி பிரின்டில் பெரும்பாலும் பயன்படுத்துகிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள், அதுவும் வெயில் நேராக விழுகிற இடத்தில், அந்தச் சூடு எளிதாக வரும். ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோன எஞ்ஜின் வளையம் ஒன்றை மதியம் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் முறுக்கு மாதிரி வளைந்து கிடந்தது. இப்போது தாங்கு பாகங்கள் எதற்கும் பி.எல்.ஏ. கிடையாது, கிட்டத்தட்ட 100 டிகிரி வரை தாங்கும் ஏ.பி.எஸ். அல்லது மரம்தான். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத சங்கதி. பிளாஸ்டிக் தகடு அலுமினியத்தை விட ரெண்டு மூன்று மடங்கு அதிகமாகச் சூட்டில் விரியும். ஒன்றரை மீட்டர் நீளத்தில், காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால், ரெண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் வரை விலகல் வரும். தோலை ஒரே நீளத் தகடாகச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டினால் அந்த ஒரு மில்லிமீட்டர், இடுக்கை மூடப் பூசிய பட்டியைக் கீறிக்கொண்டு வெளியே வந்துவிடும். சின்னச் சின்னத் தகடுகளாக, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டினால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் விரிந்து சுருங்கிக்கொள்ளும். ஃபால்கனின் மேல்தோல் இயல்பாகவே அப்படித் துண்டு துண்டான தகடுகளால் ஆனது, நம் ஊர் வெயிலுக்கென்றே செய்தது போல.

பெயின்டுக்குக் கார் டிங்கரிங் பட்டறைக்காரர்களைப் பழகிக்கொள்ளுங்கள். பட்டி போடுவது, வாட்டர் பேப்பரில் தேய்ப்பது, பிரைமர், கம்ப்ரஸர் எல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லேக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள், காற்றின் ஈரம் உள்ளே சிக்கி அடித்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். பெரிய மாடலுக்கு ஒரே சாம்பல் நிறத்தை அடித்துவிட்டால் பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரியும்; தகட்டுக்குத் தகடு ஒரு இழை நிறம் மாற்றி, மேலே கரி, பாஸ்டல் தூளைப் பிரஷால் தேய்த்து, எஞ்ஜின் பக்கம் புகை படிய வைத்தால்தான் உயிர் வரும். உள்ளே எல்.இ.டி. வைப்பதாக இருந்தால் முதலில் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்து அதன் மேல் வெள்ளை அடியுங்கள், இல்லையென்றால் ஜன்னல் வழியாக வர வேண்டிய வெளிச்சம் உடம்பு வழியாகக் கசியும். அப்புறம் வாசற்படி. எங்கள் மாடி ஷெட்டின் கதவு 3 அடி அகலம், அதனால் என் ஃபால்கன் மூன்று துண்டுகளாகக் கழலும்படி போல்ட் போட்டிருக்கிறேன். மாடலை வரைவதற்கு முன் கதவை அளந்துவிடுங்கள்.

புதிதாக வருகிறவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், முழுக் கப்பலில் கை வைக்க வேண்டாம் என்பேன். பிடித்த கப்பலின் மேல்தோலில் ஒரு சதுர அடியைத் தேர்ந்தெடுங்கள். அதில் உள்ள துணுக்குகளில் ரெண்டு மூன்றையாவது எந்த கிட், எந்த ஸ்கேல் என்று கண்டுபிடியுங்கள். அதை வைத்து அந்தச் சதுர அடியை மட்டும் அளந்து, ஒரு பலகையில் செய்து, பெயின்ட் அடித்து, அழுக்காக்கி, சுவரில் மாட்டுங்கள். ஒரு கிட், ஒரு பலகை, ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போதும். இந்த வேலையில் உள்ள எல்லாமே, தேடுவது, அளப்பது, வெட்டுவது, பூசுவது, அந்த ஒரு அடிக்குள் வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது ஞாயிறுதோறும் வருகிறான். அவனுக்கு இடது தாடையின் உள்பக்கப் புகைப்படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன், அதில் மூன்று வருஷமாக எனக்குப் பிடிபடாத நீளமான ஒரு பாகம் இருக்கிறது, ஓரத்தில் ஆறு ஓட்டைகளோடு. போன வாரம் பெட்டிகளைக் கிளறிவிட்டு ஒரு பீரங்கி வண்டியின் அடிச்சட்டத்தை எடுத்து வந்து, “மாமா, இதுல ஓட்டை ஆறு இருக்கு, ஆனா இடைவெளி சரியா வரல” என்றான். எந்த ஸ்கேல் என்று கேட்டேன். 1/35 என்றான். அதே வண்டியை 1/48-ல் யாராவது போட்டிருக்கிறார்களா என்று இப்போது ரெண்டு பேருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.